பிரகதாம்பாளின் அதிர்வெண் நோட்டு

தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குப் போகும் சாலையில், வல்லத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு தனியார் பொறியியல் கல்லூரி இருந்தது. அங்கே எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில் பிரகதாம்பாள் டெக்னீஷியனாக இருந்தாள். குத்தாலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்த கையோடு, 1987-ல் இந்த வேலைக்கு வந்துவிட்டாள். மாணவர்கள் வருவதற்கு முன் மேசைகளில் கருவிகளை எடுத்து வைக்க வேண்டும். அவர்கள் போன பிறகு எது எரிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். எரிந்ததை மாற்ற வேண்டும். இதுதான் வேலை. எரிந்தது எது என்று மீட்டர் வைத்துப் பார்ப்பதற்கு முன்பே வாசனையில் கண்டுபிடித்துவிடுவாள்.

அவள் சேர்ந்த முதல் வாரத்தில், அப்போதிருந்த துறைத்தலைவர் ஒரு நீள நோட்டைக் கொடுத்து, காலை பத்து மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் சுவர்ப் பலகையில் உள்ள மீட்டர்களைப் பார்த்து எழுதச் சொன்னார். ஒன்று வோல்டேஜ். இன்னொன்று அதிர்வெண். மின்சாரம் ஒரு நொடிக்கு எத்தனை தடவை முன்னும் பின்னும் அசைகிறது என்பதைக் காட்டும் மீட்டர் அது. ஐம்பது என்று புத்தகத்தில் இருக்கும். கல்லூரிக்கு ஜெனரேட்டர் வாங்க அந்தக் குறிப்பு தேவைப்பட்டது. ஜெனரேட்டர் வந்தது. அந்தத் துறைத்தலைவரும் வேறு ஊருக்குப் போய்விட்டார். எழுதுவதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒரு நோட்டு தீர்ந்தால் ஸ்டோரில் அடுத்த நோட்டு வாங்கிக்கொண்டாள்.

1994-ல் அவள் கணவன் கோவிந்தராசு சிங்கப்பூருக்குப் போனான். கப்பல் பட்டறையில் தகடு வெட்டி வளைக்கிற வேலை. அவளும் மகள் வானதியும் கரந்தையில் ஒரு மாடி வீட்டில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு போனுக்கு அவன் கூப்பிடுவான். மற்ற நாட்களில் கல்லூரி, வீடு, வானதியின் பள்ளிக்கூடம் என்று போய்க்கொண்டிருந்தது.

அன்சார் விரிவுரையாளனாக வந்து சேர்ந்தது 1998 ஜூலையில். அவனும் குத்தாலத்துக்காரன்தான். அங்கே அவன் அப்பாவுக்கு ஜவுளிக்கடை, அண்ணன் துபாயில். அவனுக்கும் அண்ணன் விசா ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருந்தார். ஆனால் அன்சார் பி.எச்டி. பதிவு செய்துகொண்டு இங்கேயே உட்கார்ந்துவிட்டான். இருபத்தெட்டு வயசு. அவளை முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டான்.

ஒரு நாள் மதியம், ஆய்வகத்தில் யாருமில்லாதபோது, மூலையிலிருந்த மூன்று கம்ப்யூட்டர்களைக் காட்டிச் சொன்னான்.

"இந்த மூணையும் இனிமே ஆஃப் பண்ணாதீங்கக்கா. எனக்கு சர்க்யூட்டு வரையப் போகுது."

"நீங்க வரையலையா சார்?"

"இல்லை. அதுவே வரைஞ்சுக்கும்."

"அப்ப நீங்க எதுக்கு?"

அன்சார் சிரித்தான். "மார்க் போடுறதுக்கு."

பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு விளக்கினான். கம்ப்யூட்டர் முதலில் இருநூறு சர்க்யூட்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு எப்படியோ வரைந்துவிடும். எல்லாமே குப்பையாகத்தான் இருக்கும். ஆனால் குப்பையிலும் ஒன்று இன்னொன்றைவிடக் கொஞ்சம் தேவலாம் என்று இருக்கும். ஒவ்வொன்றையும் கணக்குப் போட்டுப் பார்த்து மார்க் போடும். மார்க் வாங்கினவற்றை வைத்துக்கொண்டு, இதில் பாதி அதில் பாதி என்று சேர்த்து, அங்கங்கே ஒரு பாகத்தை மாற்றி, அடுத்த இருநூறை உண்டாக்கும். அதற்கும் மார்க். இப்படியே நூற்றுக்கணக்கான தலைமுறை ஓடும்.

"ஆடுதுறை பண்ணையில ரெண்டு நெல்லை ஒட்டுச் சேத்து புது ரகம் எடுக்குறாங்களே, அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதான். என்ன, இங்க ஒரு போகம் இருபது நிமிஷத்துல முடிஞ்சிரும்."

அவன் செய்ய நினைத்தது ஒரு வடிகட்டி. குத்தாலத்தில் டாக்டர் வைத்தியலிங்கம் சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி வைத்திருந்தார். அன்சாரின் அம்மா ஜன்னத் பீவிக்கு அங்கே ஈ.சி.ஜி. எடுத்தபோது, காகிதத்தில் கோடு கோடாக வராமல் கோரைப்புல் மாதிரி அடர்ந்து வந்தது. கரண்டு கம்பியின் இரைச்சல் இதயத்தின் சத்தத்தோடு கலந்துவிடுகிறது என்று டாக்டர் சொன்னார். பழைய மெஷின். புதிது வாங்க அவருக்கு வசதியில்லை. மெஷினுக்கும் நோயாளிக்கும் நடுவே அந்த இரைச்சலை மட்டும் பிடித்து நிறுத்துகிற ஒரு பெட்டி இருந்தால் போதும். அதைத்தான் அன்சார் கம்ப்யூட்டரிடம் கேட்டான்.

பத்து நாள் கழித்து ஒரு தாளை நீட்டினான். பிரகதாம்பாள் வாங்கிப் பார்த்தாள். அவள் பார்த்த எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு சர்க்யூட்டு இல்லை. ஓர் ஒழுங்கும் இல்லாமல், கூடத்தில் விழுந்து கிடக்கிற நூல்கண்டு போல இருந்தது. அதைவிட அவளை உறுத்தியது வேறு.

"நாலாயிரத்து நூத்தி இருபத்தேழு ஓம்ஸ் ரெசிஸ்டருக்கு எங்க போவேன் சார்?"

"கிட்டத்துல இருக்கறதைப் போடுங்கக்கா."

போட்டாள். வேலை செய்யவில்லை. இரண்டு தடவை பிரித்துப் பூட்டியும் அப்படியேதான். மூன்றாம் நாள் சாமான் அலமாரியின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, என்னென்ன மதிப்பு இருக்கிறதோ அத்தனையையும் ஒரு தாளில் எழுதினாள். எழுபத்து மூன்று வந்தது. கொண்டுபோய் அவன் மேசையில் வைத்தாள்.

"இதுல இருக்கறதை வச்சு வரையச் சொல்லுங்க. இன்னொண்ணு, நாலு புள்ளி ஏழு கே-ன்னு மேல போட்டிருந்தாலும் உள்ள ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். கொஞ்சம் கூடக் கொறச்ச இருந்தாலும் ஓடுறதுக்கு மட்டும் மார்க் போடச் சொல்லுங்க."

அன்சார் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் தாளில் இருந்த சர்க்யூட்டு கணக்கில் மட்டும்தான் உயிரோடு இருந்தது என்பது அவனுக்கு அப்போது விளங்கியது. புரோகிராமை மாற்றினான். ஒவ்வொரு சர்க்யூட்டையும் பாகங்களைக் கொஞ்சம் அசைத்து அசைத்து முப்பது தடவை சோதித்த பிறகே மார்க் என்று ஆனது. ஓட்டம் மிகவும் மெதுவானது. கரண்டு போனால் பாதியில் நிற்காமலிருக்க பேட்டரி வாங்கி வைத்தார்கள். மார்கழி பிறக்கும்போது ஒரு சர்க்யூட்டு வந்தது. அவள் பூட்டினாள். வேண்டிய அதிர்வெண்ணைத் தருகிற சிக்னல் ஜெனரேட்டரில் ஐம்பது வைத்துக் கொடுத்தபோது, ஆஸிலாஸ்கோப் திரையில் இரைச்சல் அப்படியே படுத்துவிட்டது.

பொங்கல் விடுமுறை முடிந்த சனிக்கிழமை இருவரும் ரயிலேறி குத்தாலத்துக்குப் போனார்கள். சாயங்காலம் நாலரை மணி. டாக்டர் வைத்தியலிங்கம் தன் கம்பவுண்டரையே கட்டிலில் படுக்கவைத்து, பெட்டியை இணைத்து, மெஷினை ஓட்டினார். காகிதம் வந்தது. கோரைப்புல் கொஞ்சம் குட்டையாகியிருந்தது. அவ்வளவுதான்.

டாக்டர் நல்ல மனுஷர். "முன்னைக்கு இது தேவலாம்" என்றார். அன்சார் முகம் சுண்டிப்போனது. ரயிலில் திரும்பும்போது பாபநாசம் வரை பெட்டியையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஈயம் பத்த வச்சது எங்கயாவது விட்டிருக்குமோக்கா?"

பன்னிரண்டு வருஷத்தில் அவள் பற்றவைத்தது எதுவும் விட்டதில்லை. அவனுக்கும் அது தெரியும். தெரிந்தும் கேட்டான் என்பது ஞாயிறு முழுவதும் அவளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. சிங்கப்பூரிலிருந்து கோவிந்தராசு கூப்பிட்டபோதுகூட அதையே சொன்னாள். "பிரிச்சுக் காட்டு, பாத்துக்கட்டும்" என்றான் அவன்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்து லென்ஸ் வைத்து ஒவ்வொரு இணைப்பையும் பார்த்தாள். ஒன்றும் விடவில்லை. சிக்னல் ஜெனரேட்டரில் ஐம்பது வைத்துக் கொடுத்தாள். இரைச்சல் படுத்தது. மணி பத்தாகிவிட்டது. வழக்கம்போல் நோட்டை எடுத்துக்கொண்டு சுவர்ப் பலகைக்குப் போய், வோல்டேஜ் எழுதி, அதிர்வெண் கட்டத்தில் 48.6 என்று எழுதினாள். எழுதிய பிறகு பேனா அங்கேயே நின்றது. முந்தைய வரிகளைப் பார்த்தாள். 48.3. 48.5. 48.1. பக்கத்தைத் திருப்பினாள். அந்தப் பக்கம் முழுவதும் ஓர் இடத்திலும் ஐம்பது இல்லை.

வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த அன்சாரை வாசலில் நின்று கூப்பிட்டாள். அப்படி அவள் அதுவரை செய்ததில்லை.

"சார், கரண்டு அம்பதுல வரவே இல்ல. நாப்பத்தெட்டரையில வருது. நம்ம பெட்டி அம்பதைத்தான் பிடிக்குது."

அவன் நோட்டை வாங்கிப் புரட்டினான். "இது எத்தனை நாளா எழுதுறீங்க?"

"எம்பத்தேழுலேருந்து. ஸ்டோர்ல இன்னும் ஒம்பது நோட்டு இருக்கு."

ஊர் முழுக்க மோட்டார் ஓடுகிற நேரத்தில், மின்சாரம் தேவைக்குப் பற்றாமல் போகும்போது, எங்கோ சுற்றுகிற பெரிய ஜெனரேட்டர்கள் கொஞ்சம் தளர்ந்துவிடும். ஐம்பது நாற்பத்தெட்டாகும். அன்சாருக்கு அது தெரியாததல்ல. ஆனால் கம்ப்யூட்டரிடம் கேட்கும்போது புத்தகத்தில் இருந்ததைத்தான் கேட்டிருந்தான். கம்ப்யூட்டரும் கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டது.

"அன்னிக்கு ரயில்ல உங்களைக் கேட்டது தப்புக்கா."

"சரி விடுங்க. நோட்டை என்ன செய்யப் போறீங்க?"

பத்து நோட்டுகளையும் இருவரும் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அவள் படித்தாள், அவன் அடித்தான். பதினெட்டு நாள் ஆயிற்று. சித்திரையில் மதியத்தில் என்ன, ஐப்பசி மழையில் என்ன, சம்பா நாற்றுக்குத் தண்ணீர் இறைக்கிற காலத்தில் என்ன என்று பன்னிரண்டு வருஷமும் அதில் இருந்தது. எந்த எண் அடிக்கடி வந்ததோ அதற்கு அதிக மார்க் என்று வைத்தான். ஆய்வகத்தில் கத்திரி வெயிலில் எவ்வளவு சூடு ஏறும் என்று அவளைக் கேட்டு அதையும் சேர்த்தான்.

வைகாசிக் கடைசியில் வந்த சர்க்யூட்டு முந்தையதைவிட விசித்திரமாக இருந்தது. அன்சார் ஒரு வாரம் அதை விளக்க முயன்று பலகை முழுக்கச் சமன்பாடுகளாக எழுதினான். பாதிவரை போக முடிந்தது. ஒரு ரெசிஸ்டர் மட்டும் எதற்கு இருக்கிறது என்று இருவருக்குமே பிடிபடவில்லை. பிரகதாம்பாள் அதைக் கழற்றிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு பலகையைக் கொஞ்சம் சூடாக்கிப் பார்த்தாள். உடனே இரைச்சல் எழுந்தது. மறுபடியும் போட்டுப் பற்றவைத்தாள்.

இரண்டாம் தடவை குத்தாலத்துக்குப் போனபோதும் சாயங்காலம்தான். ஆஸ்பத்திரியில் கூட்டம் இருந்தது. தோளில் துண்டோடு ஒரு நடுவயதுக்காரர், நடவு மேற்பார்வைக்குப் போன இடத்தில் தலை சுற்றியது என்று வந்திருந்தார். டாக்டர் அவரைப் படுக்கவைத்து ஓட்டினார். காகிதத்தில் கோடு ஒற்றையாக, மெல்லியதாக வந்தது. பிரகதாம்பாளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனால் சுத்தமாக இருப்பது தெரிந்தது. திரும்பி அன்சாரைப் பார்த்தாள். அவன் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இவரை இப்பவே தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்" என்று கம்பவுண்டரிடம் சொன்னார். "வண்டி சொல்லு." பிறகுதான் இவர்கள் பக்கம் திரும்பினார். "இந்த சின்ன மேடு தெரியுதா? இதெல்லாம் இத்தனை நாளா எனக்குத் தெரிஞ்சதே இல்ல. பெட்டி இங்கயே இருக்கட்டும்."

அந்த மனிதர் பிழைத்துவிட்டார் என்று இரண்டு வாரம் கழித்து ஜன்னத் பீவி மூலமாகச் செய்தி வந்தது. பிரகதாம்பாள் அன்று கல்லூரியில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து வானதியிடம் மட்டும் சொன்னாள்.

அன்சார் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினான். முதல் பக்கத்தில் தன் பெயருக்குப் பக்கத்தில் பிரகதாம்பாள் பெயரையும் போட்டான். கட்டுரை கையெழுத்துக்கு வந்தபோது புதிய துறைத்தலைவர் அதைச் சுட்டிக்காட்டினார். டெக்னீஷியனுக்குக் கடைசியில் ஒரு வரி நன்றி போட்டால் போதாதா என்றார். அன்சார் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "அப்ப அனுப்ப வேணாம் சார்" என்றான். இரண்டு நாள் அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் துறைத்தலைவரே கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பெங்களூரில் ஒரு கருத்தரங்கில் அதைப் படித்தார்கள். பிரகதாம்பாள் அதற்கு முன் சேலத்தைத் தாண்டியதில்லை. மேடையில் அன்சார் ஆங்கிலத்தில் பேச, அவள் முதல் வரிசையில் பச்சைப் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்து, அதிர்வெண் இவ்வளவு ஏறி இறங்கும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். அன்சார் அவளைக் காட்டினான். அவள் எழுந்து தமிழிலேயே சொன்னாள்.

"தெனம் ரெண்டு வேளை பாத்து எழுதினேன் சார். லீவு நாள்ல எழுதல."

அன்சார் மொழிபெயர்த்தான். சிலர் சிரித்தார்கள். கேட்டவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டு, நன்றி என்றார்.

அந்தக் கட்டுரையைப் பார்த்துத்தான் பெங்களூரில் சிப் வடிவமைக்கிற ஒரு கம்பெனி அன்சாரை அழைத்தது. 2001 ஆடியில் கிளம்பினான். அங்கிருந்து மூன்று வருஷத்தில் ஜெர்மனிக்குப் போனான் என்று பின்னால் தெரிந்தது. போகிற அன்று புரோகிராம் இருந்த கம்ப்யூட்டரை அவளிடம் ஒப்படைத்தான்.

"எனக்கு டைப்பே வராதே சார்."

"மார்க் போடத் தெரியும்ல. அது போதும்க்கா. மிச்சத்தை எழுதி வச்சிருக்கேன்."

அவன் போன பிறகு ஒரு மாதம் அந்த நாற்காலியில் அவள் உட்காரவில்லை. பிறகு உட்கார்ந்தாள். ஒரு விரலால் தட்டிக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் பிடித்தது.

கோவிந்தராசு திரும்பி வந்தது 2002-ல். இனி ஊரிலேயே சாகுபடி என்று முடிவோடு வந்தான். அந்த வருஷம் மேட்டூர் அணை ஜூனில் திறக்கவில்லை. காவிரியில் மணல்தான் கிடந்தது. வாய்க்காலில் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். குத்தகைக்கு எடுத்த நிலத்தைப் போய்ப் பார்ப்பதும் வருவதுமாக இரண்டு மாதம் கழிந்தது. ஒரு நாள், அவள் ஈ.சி.ஜி. பெட்டிக்குத் தகரம் வெட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். டாக்டர் வைத்தியலிங்கம் சொல்லி மாயவரத்திலிருந்தும் சீர்காழியிலிருந்தும் கேட்டிருந்தார்கள்.

"இப்படியா வளைக்கிறது? குடு."

வாங்கி, அலுமினியத் தகட்டை அளந்து, ஒரே மடிப்பில் மூலை பிசகாமல் மடக்கிக் கொடுத்தான். கப்பலுக்குச் செய்த கை. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் தண்ணீர் சரியாக வரவில்லை. அவன் பெட்டி செய்தான், அவள் உள்ளே பூட்டினாள். தரங்கம்பாடி வரைக்கும் பதினோரு ஆஸ்பத்திரிகளுக்குப் போயிற்று.

அதற்குள் மின்சாரமே மாறிவிட்டது. தென்மாநிலங்களுக்கு மின்சாரம் பங்கிடுவதில் புது ஏற்பாடு வந்து, அதிர்வெண் ஐம்பதை ஒட்டியே நிற்கத் தொடங்கியது. புது ஈ.சி.ஜி. மெஷின்களில் வடிகட்டி உள்ளேயே இருந்தது. ஒவ்வொரு பெட்டியாக அலமாரிக்குப் போனது. டாக்டர் வைத்தியலிங்கம் அதைச் சொல்லத் தயங்கினார். "அதனால என்ன டாக்டர், கரண்டு நல்லா வர்றது நல்லதுதானே" என்றாள். சொன்னபோது அது பொய்யில்லை. வீட்டுக்கு வரும் வழியில் கொஞ்சம் கஷ்டமாகவும் இருந்தது.

2006 தை மாதம். சம்பா நன்றாக விளைந்திருந்தது. கோவிந்தராசு கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிப்போன நெல்லை, ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேல இருக்கு, காயவைத்துக் கொண்டுவாங்க என்று திருப்பி அனுப்பினார்கள். வாசல் சாலையில் நெல்லைக் கொட்டிக் காலால் கிளறிக்கொண்டே சொன்னான்.

"வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடியே தெரிஞ்சா தேவலாம்."

அவள் மறுநாள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு பிடி நெல். ஈரம் கூடினால் அந்தத் தகடுகள் தேக்குகிற மின்சாரமும் கூடும். அந்த மாற்றத்தை நேராக மீட்டர் முள்ளுக்குக் கொண்டுவர ஒரு சர்க்யூட்டு வேண்டும். மனதுக்குள் மூன்று ஆம்ப்ளிஃபையர் வைத்து ஒன்றை வரைந்து வைத்திருந்தாள். கம்ப்யூட்டரிடம் அதைச் சொல்லவில்லை. மார்க்கை மட்டும் கவனமாக எழுதினாள். பதினேழு சதவீதத்தைச் சுற்றித் துல்லியமாக இருந்தால் இவ்வளவு, காலைப் பனியிலும் மதிய வெயிலிலும் ஒரே மாதிரி காட்டினால் இவ்வளவு, பேட்டரி இறங்கினாலும் தப்பாமல் இருந்தால் இவ்வளவு.

ஐந்தாம் நாள் விடை வந்தது. ஒரே ஓர் ஆம்ப்ளிஃபையர்தான் அதில் இருந்தது. அவளுக்குக் கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது. குறை கண்டுபிடிக்க இரண்டு நாள் முயன்றாள். பிறகு பூட்டினாள்.

அடுத்த வயலில் அறுத்த நெல்லைச் சாலை நீளத்துக்குப் பரப்பியிருந்தார்கள். காலை பதினொரு மணிக்கு ஒரு பிடி அள்ளிப் போட்டபோது முள் பத்தொன்பதில் நின்றது. இரண்டு மணிக்குப் பதினேழரை. மூன்றரைக்குப் பதினாறரை.

"இது எப்படிக் கண்டுபிடிக்குது?" என்றான் கோவிந்தராசு.

"முழுசா எனக்கே தெரியாதுங்க. எப்ப தப்பாக் காட்டும்னு தெரியும். இப்ப தப்பாக் காட்டல."

அவன் இன்னொரு பிடி போட்டுப் பார்த்தான். பதினாறரைதான். போய்ச் சாக்குகளை எடுத்து வந்தான். அவள் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு சாக்கின் வாயை விரித்துப் பிடித்தாள்.